குவாங் கூட்டிய தரை

ரெங்கம் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, மாப்பிள்ளையின் மாட்டு வண்டியில் ஏறி, இரண்டு மைல் போன பிறகுதான் என் தகரப்பெட்டிக்குள் ஏதோ கலகலவென்று உருள்வதைக் கவனித்தேன். புகைப்படக் கண்ணாடித் தட்டுகள் கலகலக்கக் கூடாது. வண்டியை நிறுத்தச் சொல்லி, கறுப்புத் துணியை மேலே போர்த்திக்கொண்டு, பெட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். முறுக்கு.

ஜொகூர் பாருவில் என் எதிரே வந்து உட்கார்ந்த பலகார வியாபாரி குளுவாங் சந்தைக்குப் போகிறவர். அவருடையதும் கறுப்புத் தகரப்பெட்டி, தென்னங்கயிறு கட்டியது. வழிநெடுக வாய் ஓயாமல் பேசினார். ரெங்கம் வந்ததும் அவசரத்தில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்தேன். தவறு என்னுடையது என்று மாப்பிள்ளை சொல்கிறார். என் பெட்டியைப் போலவே ஒரு பெட்டியை வைத்திருந்த அந்த மனிதருடையது என்று நான் சொல்கிறேன். இன்றுவரை இது தீரவில்லை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை அன்னம்மாளின் கணவர் சவரிமுத்து. ரெங்கத்துக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பிராணி நூல் புரொபசருக்குப் படம் எடுத்துத் தருகிறவன். பதினைந்து வருஷமாக எடுக்கிறேன். அவர் புத்தகங்களில் என் பறவைப் படங்கள் நிறைய உண்டு. அவற்றில் மயில், கௌதாரி, காட்டுக்கோழி எல்லாம் கம்பீரமாக நிற்கும். நிற்காமல் என்ன செய்யும்? எல்லாம் செத்த பறவை. உள்ளே பஞ்சு, காலுக்குள் கம்பி. பெரிய பறவை ஒன்றை உயிரோடு, அதன் இடத்தில், நான் இதுவரை எடுத்ததே இல்லை. எடுக்க வராதவன் என்று கல்லூரியில் நாலு பேர் சிரிப்பதும் எனக்குத் தெரியும்.

இந்தக் கோடை விடுமுறைக்கு புரொபசர் என்னை மலாயாவுக்கு அனுப்பியது குவாங் என்ற ஒரே பறவைக்காக. மயிலுக்கு உறவு. தலை நீலம், இறக்கை முழுக்கக் கண் கண்ணாகப் புள்ளி, வாலோடு சேர்த்து ஆள் நீளம். "உயிரோடு படம் கொண்டு வா. முடியாவிட்டால் சுட்டோ பிடித்தோ தோலைக் கொண்டு வா. கம்பியில் நிறுத்திக்கொள்ளலாம்" என்றார். அந்தக் கடைசி வார்த்தை கப்பலில் ஏழு நாளும் என் காதில் குத்திக்கொண்டே வந்தது. இந்த ஒரு தடவையாவது கம்பி வேண்டாம் என்று முடிவு பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். வந்தால் கையில் முறுக்கு.

மறுநாள் மத்தியானம் பலகாரக்காரர் குளுவாங்கிலிருந்து பெட்டியோடு தேடி வந்துவிட்டார். நல்ல மனிதர், முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, பத்திரமா கொண்டாந்துட்டேன். அதிரசம்னு நெனச்சு ஒரு பொட்டலத்தை மட்டுந்தான் பிரிச்சேன். கறுப்புத் தாளு, உள்ளே வெறும் கண்ணாடி. அப்படியே கட்டி வச்சுட்டேன்."

"எங்கே வைத்துப் பிரித்தீர்கள்?"

"சந்தையிலதான். நல்ல வெயிலு, பார்க்க வசதியா இருந்துச்சு."

ஒரு பொட்டலத்தில் ஆறு தட்டு. வெளிச்சம் பட்டு ஆறும் போயிற்று. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தன் பெட்டியைத் திறந்து பார்த்தார். அது பாதி காலி. முதல் நாள் மாலை காப்பியோடு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து தீர்த்திருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அன்னம்மாள் அவருக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போனார். எனக்கு மிஞ்சியது ஆறு தட்டு, எட்டாம் நாள் வரை நேரம்.

மூன்றாம் நாள் காலை மலை ஏறினோம். வழி காட்ட வந்தவர் பக்கத்துக் கம்பத்து (மலாய்க் கிராமத்தைக் கம்பம் என்கிறார்கள்) மலாய்க்காரர், பாக் லோங் என்று எல்லாரும் அழைக்கும் பெரியவர். குவாங் பிடிப்பதில் கை தேர்ந்தவர். அவர் பேசுவதை மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொல்வார். ரப்பர் மரங்கள் முடிந்ததும் ஒரு பள்ளம் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் வற்றிப்போன ஓடை, வண்டி வண்டியாக உருண்டைக் கற்கள். எங்கள் பாபநாசத்து மலையில் இந்த மாதத்தில் பாறையைத் தொட்டால் கை பொசுங்கும். இங்கே பாறைக்கும் வியர்க்கிறது. கை வைத்த இடமெல்லாம் வழுக்கி, முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு நான் தவழ்ந்தேன். முன்னே போன பாக் லோங் வாயில் சுருட்டு, தலையில் என் காமிராப் பெட்டி, ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர் நடை.

பள்ளம் முடிந்து மேட்டில் ஏறியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். காடு முழுக்க முழங்கால் அளவு சருகு. அதன் நடுவே வட்டமாக ஒரு தரை, எங்கள் வீட்டு முன்னறை அளவு இருக்கும். ஒரு சருகு இல்லை, ஒரு குச்சி இல்லை, ஒரு புல் இல்லை. துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. ஆண் குவாங் தன் அலகாலேயே பொறுக்கிப் பொறுக்கிச் சுத்தம் செய்கிற இடம் அது. பெட்டையை அழைத்து ஆடுவதற்காக. இலை ஒன்று விழுந்தாலும் அதற்குப் பொறுக்காதாம்.

பாக் லோங் இடுப்பிலிருந்து ஒரு மூங்கில் சீவலை எடுத்துக் காட்டினார். இரண்டு ஓரமும் கத்தி. "இதைத் தரையின் நடுவே ஆழமாக நடுவேன். பிடுங்கி எறியப் பார்க்கும். வராது. கழுத்தையே அதில் சுற்றிக்கொண்டு இழுக்கும். அதோடு சரி" என்றார். சொல்லிவிட்டுத் தன் கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தார். இவ்வளவு சுத்தமான பிராணியை அதன் சுத்தத்தாலேயே கொல்வதா! எட்டாம் நாள் வரை சீவலை வெளியே எடுக்கக் கூடாது என்று மாப்பிள்ளையை விட்டுச் சொல்லச் சொன்னேன். எட்டாம் நாள் மத்தியானம் வருகிறேன் என்றார் பெரியவர்.

தரைக்கு நடுவில் போய் வெளிச்சம் எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"யாருய்யா அது, செருப்புக் காலோட உள்ளே நிக்கிறது! கழட்டுய்யா மொதல்ல!"

வீராயி என்ற பெண். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், லயம் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லையென்று பிறகு தெரிந்துகொண்டேன். கையில் எலுமிச்சங்காயும் செம்பருத்தியும். மாப்பிள்ளையைப் பார்த்ததும் குரலைக் கொஞ்சம் இறக்கினாள்.

"கிராணி ஐயா, நீங்களுமா? இது முனி எடம்னு ஒங்களுக்குத் தெரியாதா? இந்த அத்துவானக் காட்டுல மனுசன் யாரு வந்து இப்படிக் கூட்டி வைப்பான்? அவரேதான் கூட்டுறாரு. ஆறு மாசமா நான் வந்து கும்புடுறேன்."

மாப்பிள்ளை மெதுவாக, "குவாங் பறவை செய்யிறது லா, வீராயி" என்றார்.

"பறவை கூட்டுமா? சும்மா இருங்க ஐயா. என் ஊட்டுக்காரரே கூட்ட மாட்டேங்கிறாரு."

வாதம் அத்தோடு முடிந்தது. நான் பூட்சைக் கழற்றினேன். அந்தக் காட்டு அட்டைகளுக்கு அன்றைக்குத் திருவிழா. மாலையில் வீட்டுக்கு வந்து எண்ணினால் இடது காலில் பதினொன்று.

நான்காம் நாளிலிருந்து தரையின் ஓரத்தில் ஓலைக் குடில் போட்டு உள்ளே உட்கார்ந்தேன். காமிரா புதருக்குள் முக்காலியில். அதிலிருந்து நீளமான ரப்பர்க் குழாய், முனையில் உருண்டை. உருண்டையை அழுத்தினால் மூடி திறக்கும். அந்த வெளிச்சத்துக்கு ஒரு நொடி திறந்திருக்க வேண்டும். ஒரு நொடி பறவை அசையாமல் நிற்க வேண்டும், அதுவும் நான் முன்கூட்டியே குறி வைத்த இடத்தில். இந்த இரண்டு நிபந்தனைக்கும் கம்பியில் நிற்கிற பறவைதான் ஒத்துவரும்.

குவாங் வந்தது. அதைச் சொல்ல வேண்டும். முதலில் மேட்டுக்கு அந்தப் பக்கம் "கூ-வாவ், கூ-வாவ்" என்று இரண்டு கூப்பாடு. என் நெஞ்சு அடித்த அடியில் குடிலே ஆடியிருக்கும். பிறகு சத்தமே இல்லாமல் உள்ளே நடந்து வந்தது. வால் தரையில் புரள, முதலாளி தோட்டம் பார்க்க வந்தது போல ஒரு சுற்று. வீராயி வைத்த செம்பருத்தியைப் பார்த்தது. தூக்கியது, வெளியே போட்டது. எலுமிச்சங்காயை ஒரு தட்டுத் தட்டி உருட்டி விட்டது. நான் அழுத்தினேன். சாயங்காலம் தோட்டத்து ஸ்டோர் அறையில் சாக்கு கட்டி இருட்டாக்கித் தட்டைக் கழுவினேன். தரை அருமையாக விழுந்திருந்தது. அதன் மேல் புகை மாதிரி ஏதோ ஒன்று.

மறுநாளும் புகை. அதற்கு மறுநாள் நானே ஒரு பெரிய இலையைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் எடுத்து வீசிவிட்டது. அப்போதும் புகை. அன்றைக்கே எடுத்த நான்காவது தட்டில் வால் மட்டும். ஐந்தாவது தட்டைப் பற்றி நான் பேசப் போவதில்லை. பாக் லோங் ஆறுதலாகக் குடிலுக்குள் கொடுத்துவிட்டுப் போன துரியான் பழத்தைத் தின்றுகொண்டிருந்தேன், கை பிசுபிசுத்தது, உருண்டை வழுக்கியது. அவ்வளவுதான். பழம் மட்டும் அபாரம். நாற்றம் என்று சொல்கிறவர்கள் தின்றுவிட்டுச் சொல்லட்டும்.

ஏழாம் நாள் மத்தியானம் வீராயி வந்தாள். அன்றைக்கு அவள் சத்தம் போடவில்லை. ஓரத்தில் கிடந்த எலுமிச்சங்காயைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"பார்த்தீங்களா ஐயா. தெனமும் இப்படித்தான். நான் வைக்கிறேன், அவரு தள்ளிவிடுறாரு. லயத்துல மத்தவங்க வைக்கிற முனிக்கல்லுல எல்லாம் வச்சது வச்சபடி இருக்கு. என்னைத்தான் வேணாங்கிறாரு. என்ன குத்தம் செஞ்சேன்னு சொல்ல மாட்டேங்கிறாரே."

கண் கலங்கியிருந்தது. பறவைதான் அம்மா தள்ளுகிறது, நான் நாலு நாளாகப் பார்க்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. இவ்வளவு நாளும் என் கண்ணில் படாத பறவை, நேற்று வந்த உங்கள் கண்ணில் மட்டும் படுமா என்று கேட்டாள். அவள் வருவது மத்தியானம், அது வருவது காலை. இதைச் சொன்னாலும் ஏறவில்லை. சூலம் இல்லாத இடம், அதனால்தான் கோபம் என்று அவளே முடிவு பண்ணி, தோட்டத்துக் கொல்லரிடம் அடிக்கச் சொல்லி வாங்கி வந்திருந்த முழ நீள இரும்புச் சூலத்தை எடுத்தாள். தரையின் நட்ட நடுவில் வைத்துக் கல்லால் அடித்து இறக்கினாள்.

எனக்குத் தலைக்கு மேல் வந்துவிட்டது. "நாளைக்குக் கடைசி நாள்! ஒரே ஒரு தட்டு! என் படத்தின் நடுவில் இரும்பா? பிடுங்கு அதை!"

"புடுங்குங்க பார்ப்போம்" என்று சூலத்துக்கு முன்னால் வந்து நின்றாள். தோள் ஒவ்வொன்றும் என் தொடை அளவு.

மாப்பிள்ளை என்னைத் தனியே இழுத்துப் போனார். "அலமாக், மச்சான்! அதைத் தொட்டீங்கன்னா நாளைக்குக் காட்டுல ஒருத்தரும் பால் வெட்டப் போக மாட்டாங்க. தொரைக்கு நான் என்ன பதில் சொல்றது? விடுங்க. படம்தானே."

படம்தானே! பதினைந்து வருஷத்தை இரண்டு வார்த்தையில் சுருட்டிவிட்டார். அவரோடு பேசாமல் காமிராவிடம் போனேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் கோபமாக நின்றேன். நிற்கிற நேரத்தில் குறியையாவது சரி பண்ணலாம் என்று பார்த்தேன். இத்தனை நாளும் வெறும் தரையில் குறி வைக்கப் பிடிமானமே இல்லாமல் திண்டாடினேன். இப்போது சூலத்தின் மூன்று முனையும் கண்ணாடியில் ஊசி ஊசியாகத் தெரிந்தன. வேறு எதன் மேல் வைப்பது? அதன் மேலேயே வைத்துத் திருகை இறுக்கினேன்.

எட்டாம் நாள். காலை ஏழரைக்குக் கூப்பாடு கேட்டது. எட்டுக்கு உள்ளே வந்தது. வழக்கமான சுற்று. இரண்டு இலையை எடுத்துப் போட்டது. சூலத்தைப் பார்த்தது.

அது பட்ட அதிர்ச்சியை நான் எப்படிச் சொல்வேன்! தலையை இந்தப் பக்கம் சாய்த்தது, அந்தப் பக்கம் சாய்த்தது. கிட்டே போய் நடு முனையை அலகால் கவ்வியது. இழுத்தது. வரவில்லை. விட்டுவிட்டுச் சுற்றி வந்து மறுபடி கவ்வியது. கால் இரண்டையும் ஊன்றி, கழுத்தை நீட்டி, இறக்கையைக் கொஞ்சம் விரித்து, முழு பலத்தையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. அசையவில்லை. இறக்கையின் கண்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. நான் அழுத்தினேன். ஒன்று என்று வாய்க்குள் சொல்லிவிட்டுக் கையை எடுத்தேன். அது இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. அப்புறமும் கொஞ்ச நேரம் போராடிவிட்டு, மனிதர்கள் செய்கிற அக்கிரமம் தாங்காமல், கோபமாக வாலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான் குடிலுக்குள் உட்கார்ந்து சட்டையால் முகத்தைத் துடைத்தேன். வியர்வை மட்டும் இல்லை.

பள்ளத்தில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஸ்டோர் அறை, சாக்கு, மருந்துத் தண்ணீர். தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தபோது வாசலில் மாப்பிள்ளை, அன்னம்மாள், மலைக்குக் கிளம்பி வந்து நின்ற பாக் லோங், பால் வாளியோடு வீராயி, பின்னால் பாதி லயம். வானத்துக்கு எதிரே தட்டைத் தூக்கிப் பிடித்தேன். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருந்தாலும் ஒரு குழந்தைக்குக் கூடத் தெரியும். வால் நுனி முதல் அலகு வரை, கத்தி வெட்டின மாதிரிக் குவாங். உயிரோடு, தன் இடத்தில், தன் வேலையில். "பார்த்துக்கொள்ளுங்கள்!" என்று நான் போட்ட கூச்சலில் மாடு மிரண்டது. மாப்பிள்ளை என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். தட்டு, தட்டு என்று அன்னம்மாள் அலறினாள்.

வீராயி மட்டும் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். சூலத்தை அடையாளம் கண்டாள். அதைப் பிடித்திருக்கும் அலகைப் பார்த்தாள்.

"அடப்பாவி, நீதானா! நீதானாடா என் எலுமிச்சங்காயைத் தள்ளிவிட்டது! முனி என்னை வேணாம்னுட்டாருன்னு ஆறு மாசமா அழுதேனேடா!"

சிரித்தாள், அழுதாள், பக்கத்தில் நின்ற பெண்ணை முதுகில் ஒரு போடு போட்டாள். அப்புறம் நிமிர்ந்து லயத்தையே பார்த்துச் சொன்னாள்:

"முனிக்குக் கூட்டிப் பெருக்க ஒரு ஆளு வேண்டாமா? இவன்தான் அந்த ஆளு. இனிமே இவன் மேல எவனாச்சும் கை வச்சா என்கிட்ட பேசட்டும்."

மாப்பிள்ளை இதை மலாயில் சொன்னார். பாக் லோங் வீராயியின் தோளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "வேறு மலை இல்லையா என்ன" என்று சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்த மூங்கில் சீவலை எடுத்துப் பல் குத்தக்கூட உதவாத அளவுக்கு ஒடித்துப் போட்டார். அன்று மத்தியானமே வீராயி மேட்டுக்குப் போய்ச் சூலத்தைப் பிடுங்கி, பத்தடி தள்ளி ஒரு மரத்தடியில் நட்டுவிட்டு வந்தாள். "பாவம், அதோட எடத்துல நமக்கென்ன வேல" என்றாள்.

மறுநாள் காலை ஸ்டேஷன் வாசலில், ரயில் வருவதற்கு முன், தட்டைப் பஞ்சில் வைத்துக் கட்டி, உறையின் மேல் பென்சிலால் விவரம் எழுதினேன். புரொபசருக்கு அப்படி எழுதித் தர வேண்டும். வழியனுப்ப வந்த வீராயி என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். படித்துக் காட்டினேன்.

"ஆண் குவாங், உயிருடன். ஜொகூர், ரெங்கம் அருகே, மலைமேட்டில் தன் தரையைச் சுத்தம் செய்யும்போது. வெளிச்சம் ஒரு நொடி. பறவையை நிற்க வைத்தவர்: வீராயி, பால் வெட்டும் தொழிலாளி."

"என் பேரா? அந்தப் பெரிய படிப்புப் புத்தகத்துக்கா?"

"பின்னே? நானா நிற்க வைத்தேன்?"

அவள் உறையை விரலால் தொட்டு, "ஐயா, இந்தப் பக்கத்துல முனி பேரையும் போட்டுடுங்க. எடம் அவரோடதுல்ல" என்றாள்.

ரயில் புகை தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை வண்டியிலிருந்து கத்தினார். நான் பென்சிலை நாக்கில் நனைத்து, புரொபசர் என்ன சொல்வார் என்று ஒரு கணமும் யோசிக்காமல், கொட்டை எழுத்தில் எழுதினேன்: "இடம் தந்தவர்: முனி."